அடித்தவன் மகள்

குரங்கு ஆய்வு நிலையத்தில் அவளை எல்லோரும் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எந்நேரமும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்த அன்று மாட்டியது, சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டாள். கேலியாக வைத்த பெயர் நாளடைவில் ஒட்டிக்கொண்டது.

உயரமான சுற்றுச்சுவருக்குள் நூற்றிருபது குரங்குகள். சுவரின் மேல் பலகை அடித்த ஒரு மேடை. அங்கே உட்கார்ந்து யார் யாரை அடித்தது, யார் யாருக்குப் பேன் பார்த்தது, அடிபட்டது அடுத்த பத்து நிமிஷம் என்ன செய்தது என்று எழுதுவது அவள் வேலை. வெயிலானாலும் மழையானாலும் எட்டு வருஷம் எழுதினாள்.

அப்படி எழுதியதில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அடிபட்ட குரங்கு தன்னைவிடப் பெரியதைத் திருப்பி அடிக்க முடியாது. மூலையில் போய் உட்கார்ந்து, தோல் உரியும் அளவுக்கு உடம்பைச் சொறிந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் எழுந்து கூட்டத்துக்குள் யாரையோ தேடும். கையில் கிடைத்ததைக் கடிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இவள் ஒவ்வொன்றுக்கும் தாய் யார், கூடப்பிறந்தது எது என்று எழுதி ஒப்பிட்டுப் பார்த்தாள். கடிபட்டது அடித்தவனின் தங்கையாகவோ, அக்கா பிள்ளையாகவோ இருந்தது. கடித்து முடித்ததும் சொறிவது நின்றுவிடும். எதுவுமே நடக்காத மாதிரி போய்ப் பழம் பொறுக்கித் தின்னும்.

இதை அவள் கொண்டுபோய்ச் சொன்னது நிலையத்தின் இயக்குநரிடம். பெரியவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடக்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "பெரிய விஷயம்மா இது. நோட்டை எல்லாம் கொண்டு வா, பார்க்கிறேன்."

பதினோரு நோட்டுகளையும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. பெரியவர் பெயர் மட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில், குறிப்பெடுக்க உதவிய பணியாளர்களுக்கு நன்றி.

அவள் புகார் எழுதினாள். நீள மேசை போட்ட அறையில் விசாரணை வைத்தார்கள். பெரியவர் கோபப்படவே இல்லை. "நான் சொல்லச் சொல்ல எழுதின பொண்ணு. கையெழுத்து நல்லா இருக்கும்னு அவகிட்ட கொடுத்தேன். எழுதி எழுதி எல்லாம் தன்னோட யோசனைன்னே நம்பிட்டா. பாவம்" என்றார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். புகார் பொய் என்று முடிவாயிற்று. அவளைக் கூண்டு கழுவும் வேலைக்கு மாற்றினார்கள்.

அவள் அப்பா பஸ் கண்டக்டர். மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று, டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதே பாதிப் பஸ்ஸுக்குச் சொல்லியிருந்தார். இப்போது தினமும் வருகிற ஒருவர், "உங்க பொண்ணு ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கிட்டாளாமே?" என்று நாலு பேர் நடுவில் கேட்டார். அப்பா மறுநாள் வேறு தடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அங்கேயும் பேச்சு போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் முடிவதற்குள், பணிமனையில் பையைத் தோளிலிருந்து இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வந்த இரண்டு வரன்களும் அதே பேச்சைக் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

அம்மா அழுது ஓய்ந்த பிறகு ஒன்றையே சொல்ல ஆரம்பித்தாள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது சொல்வாள், துணி காயப்போடும்போது சொல்வாள். "அவன் சாகக்கூடாது. உசிரோட இருக்கணும். அவன் வீட்டிலேயும் ஒரு அழுகைச் சத்தம் கேட்கணும். அதை அவன் காதால கேட்கணும்."

குரங்கின் கோபம் மத்தியானத்துக்குள் ஆறிவிடும் என்பது கடிகாரத்துக்குத் தெரியும். ஆனால் எந்தக் குரங்குக்கும் தினமும் காலையில் ஞாபகப்படுத்த ஓர் அம்மா கிடையாது.

அடுத்து வந்த இயக்குநர், கூண்டு கழுவுகிறவளுக்கு நூற்றிருபது குரங்கின் வம்சமும் மனப்பாடம் என்று கண்டு அசந்துபோனார். கொஞ்சம் கொஞ்சமாக அவளை மேலே கொண்டுவந்து குரங்கு அடைப்புக்குப் பொறுப்பாளர் ஆக்கினார். வீட்டில் தம்பி மகள் குட்டி இருந்தாள். தம்பியும் அவன் மனைவியும் வெளியூரில் வேலை பார்த்ததால் ஆறு வயதிலிருந்து அத்தையிடம்தான் வளர்ந்தாள். அவளுக்குத் தலை வாரிவிடுகிற கால் மணி நேரம்தான் கடிகாரத்தின் முகம் கொஞ்சம் இளகும்.

மீதி நேரமெல்லாம் அவள் பெரியவருக்காகச் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற மனுஷன், ஒருநாள் வீட்டுக்கே போய் நிற்கவேண்டும். முதல் வாக்கியம் என்ன, அவர் பதில் சொன்னால் அடுத்த வாக்கியம் என்ன, எல்லாம் தயார். அப்போதுதான் கூண்டுக்காரர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார்: "பெரியவருக்கு ஞாபகமே போயிடுச்சாமே. பொண்டாட்டி செத்ததுகூடத் தெரியாம, அவ எங்கேன்னு தினம் கேட்கிறாராம்."

கடிகாரம் கேரட் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "தப்பிச்சுட்டான்" என்றாள். என்ன சொல்கிறாள் என்று கூண்டுக்காரருக்குப் புரியவில்லை.

அடுத்த வருஷம் நிலையத்துக்குப் புது கால்நடை டாக்டர் வந்தாள். இருபத்தேழு வயது, ஒட்ட வெட்டிய முடி. முதல் நாளே மேடைக்கு ஏறி வந்தவள், வியர்வையில் வழுக்கிய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடக்காமல் பலகைமேல் கவிழ்த்து வைத்தாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே கடிகாரத்துக்குத் தெரிந்துவிட்டது. அதே மூக்கு, அதே விரல்கள்.

"எங்கப்பா இங்கேதான் இருந்தார், அக்கா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்."

"வேலையில எப்படி?"

"கெட்டிக்காரர்" என்றாள் கடிகாரம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா, "தானா வந்து மாட்டியிருக்கு" என்றாள்.

முதலில் சில்லறை வேலைகள்தான். தடுப்பூசி நாளில் உதவிக்கு ஆள் இல்லை என்பாள். பூட்டியிருக்கும் மருந்து அலமாரிச் சாவியைத் தேடவிட்டு வேடிக்கை பார்ப்பாள். கல்லெறிகிற பழக்கமுள்ள குரங்கு எது என்று சொல்லாமல் உள்ளே அனுப்புவாள். டாக்டர் நெற்றியில் வீக்கத்துடன் வெளியே வந்து, "என் மேல தப்பு அக்கா, நான்தான் கவனிக்கல" என்பாள். அந்தப் பணிவு கடிகாரத்துக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அவள் அகம்பாவமாக இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

நான்கு மாதம் கழித்துத் தாடி செத்தான். கூட்டத்தின் பெரிய ஆண்குரங்கு அவன். தாடையில் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்க மயக்க ஊசி போடவேண்டும், ஊசி மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. காலையில் டாக்டர் பார்க்க, கடிகாரமே தொங்கு தராசில் நிறுத்து, பதினொரு கிலோ என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். டாக்டர் அதைத் தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டு சரியான அளவுதான் போட்டாள். பல்லும் வந்துவிட்டது. பிறகு தாடியின் இதயம் நின்றுவிட்டது. அவனுக்கு வயதாகியிருந்தது, நோயும் உள்ளே பரவியிருந்தது. யார் செய்திருந்தாலும் நடந்திருக்கும்.

டாக்டர் இரண்டு விரல்களால் அவன் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். "வா, வாடா" என்று கெஞ்சினாள். கடைசியில் மேசையோரம் முழங்காலிட்டு அழுதாள். கடிகாரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவரின் வீட்டு அழுகை எப்படி இருக்கும் என்று பதின்மூன்று வருஷமாக நினைத்துப் பார்த்திருந்தாள். இப்படித்தான் இருந்தது. ஆனால் இது குரங்குக்காக அழுத அழுகை. இது போதாது.

செத்த மிருகத்தை அன்றே எரித்துவிடவேண்டும் என்பது நிலையத்தின் விதி. எரித்தாயிற்று. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு கடிகாரம் கோப்பிலிருந்து காலைச் சீட்டை எடுத்துக் கிழித்தாள். புதிய சீட்டில் எட்டு கிலோ என்று எழுதினாள். தேதி, நேரம், கையெழுத்து. எழுத்து எப்போதும்போல அழகாக இருந்தது.

எட்டு கிலோக் குரங்குக்குப் பதினொரு கிலோவுக்கான மருந்து. டாக்டரின் புத்தகத்தில் மட்டும் பதினொன்று.

விசாரணையை அதே நீள மேசை அறையில் வைத்தார்கள். மேசைக்குப் புது விரிப்பு, சுற்றிலும் வேறு ஐந்து பேர். கடிகாரம் சாட்சியாக உட்கார்ந்தாள்.

"நீங்க எழுதினது எவ்வளவு?"

"எட்டு, சார்."

டாக்டர் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, பதினொண்ணுன்னுதானே கொடுத்தீங்க? ரெண்டு பேரும் சேர்ந்துதானே தராசுல பார்த்தோம்?"

கடிகாரம் அவளைப் பார்க்கவில்லை. மேசைக்காரர்களிடம் சொன்னாள்: "சின்னப் பொண்ணு, சார். பயத்துல பிற்பாடு மாத்தி எழுதியிருப்பா. தான் எழுதினதைத் தானே நம்பியும் இருப்பா. பாவம்."

அந்தக் கடைசிச் சொல்லை அவள் நாக்கில் வைத்து மெதுவாக இறக்கினாள். ஒருவர் தலையை ஆட்டினார். டாக்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பதிவேட்டைத் திருத்தியவள் என்று எழுதினால் இனி எந்த நிலையமும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது.

வீட்டில் அம்மா வாசலிலேயே காத்திருந்தாள்.

"அழுதாளா?"

"அழுதா."

"சத்தமாவா?"

"இல்லம்மா. வாயைப் பொத்திக்கிட்டு அழுதா."

"அது போதும்" என்றாள் அம்மா. அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

கடிகாரம் மூன்று வாரம் நிம்மதியாக இருந்தாள். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மனசாட்சி குத்தவும் இல்லை, கெட்ட கனவு வரவும் இல்லை. பசித்துச் சாப்பிட்டாள். படுத்தால் தூங்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள் பாடினாள். பதின்மூன்று வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப்போன மாதிரி இருந்தது. மேடையில் உட்கார்ந்து, கடித்துவிட்டுப் பழம் பொறுக்கும் குரங்குகளைப் பார்க்கும்போது ஒருமுறை சிரிப்புகூட வந்தது. 'ஆமாம், நானும் அப்படித்தான். அதனால் என்ன?' என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காவது வாரம் குட்டி ஒரு செய்தி கொண்டுவந்தாள். குட்டி அப்போது ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சியில் இருந்தாள்.

"அத்தை, இன்னைக்குக் கேன்டீன்ல ஒரு லேடி வந்து எதிர்ல உட்கார்ந்தாங்க. முடி ஒட்ட வெட்டியிருந்தாங்க. எனக்கும் சேர்த்து டீ வாங்கினாங்க."

குட்டியின் தலையை வாரிக்கொண்டிருந்த கடிகாரம் சீப்பை நிறுத்தினாள். "என்ன கேட்டா?"

"உங்க அத்தை நல்லா இருக்காங்களான்னு கேட்டாங்க. நீதான் அவங்களுக்கு உசிராமேன்னாங்க. அப்புறம் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, டீயைக் குடிக்காமலே எழுந்து போயிட்டாங்க. யாரு அத்தை?"

குட்டியின் பின்கழுத்தில் முடி பிரிந்து வெள்ளையாகத் தெரிந்த இடத்தைக் கடிகாரம் பார்த்தாள். எத்தனையோ குரங்குக் குட்டிகளின் கழுத்தில் அந்த இடத்தில்தான் பல் பதிந்திருக்கும். எத்தனை தடவை அவளே அதை எழுதியிருக்கிறாள்! அடித்தவனின் மகள், அக்கா பிள்ளை, தம்பி பிள்ளை. அந்தப் பட்டியலில் குட்டிக்கும் ஓர் இடம் உண்டு என்பது இதுவரை அவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை அவள் பெரியவர் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது டாக்டர்தான். கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. "வாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

உள்ளே ஜன்னலோரம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு கட்டியிருந்தது. டாக்டர் பக்கத்தில் அமர்ந்து விட்ட இடத்திலிருந்து ஊட்ட ஆரம்பித்தாள்.

கடிகாரம் நின்றபடியே சொன்னாள்: "குட்டிகிட்ட இனிமே போகாதே. அவளை ஏதாவது செஞ்சே, நான் உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"விசாரணைக்குப் பதில் எழுத நிலையத்துல பழைய கோப்பு எல்லாம் கேட்டு வாங்கினேன்" என்றாள் டாக்டர், கரண்டியை இறக்காமல். "அதுல உங்க புகார் இருந்துச்சு. அப்பா சொன்ன பதிலும் இருந்துச்சு. கடைசி வார்த்தை 'பாவம்'. அதைப் படிச்ச அப்புறம்தான் நீங்க யாரு, எதுக்கு இப்படிச் செஞ்சீங்கன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சா சரி."

"கூண்டுக்காரர்கிட்ட விசாரிச்சு, உங்க குட்டியைப் பார்க்கத்தான் போனேன். பார்த்துட்டு என்ன செய்யறதுன்னு யோசிக்கவே இல்ல. எதிர்ல உட்கார்ந்து உங்களைப் பத்திக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னா. அப்ப சூடான டீ என் கையில இருந்துச்சு." அவள் நிறுத்தி, அப்பாவின் மோவாயைத் துடைத்தாள். "எனக்குள்ள ஏதோ ஒண்ணு எழுந்து நின்னுச்சு. அது என்னன்னு உங்களைவிட யாருக்கும் நல்லாத் தெரியாது. பயந்துபோய் எழுந்து வந்துட்டேன்."

"நீங்க பயப்படல" என்றாள் டாக்டர். "அவ்வளவுதான் வித்தியாசம்."

பெரியவர் தலையைத் திருப்பிக் கடிகாரத்தை உற்றுப் பார்த்தார். பதின்மூன்று வருஷமாகச் சேர்த்த வாக்கியங்கள் எல்லாம் அவள் தொண்டைவரை வந்தன. மகளும் அதைப் பார்த்துவிட்டாள். "சொல்லணும்னா சொல்லுங்க. நான் தடுக்கமாட்டேன்" என்றாள்.

கடிகாரம் அவர் முன்னால் போய்க் குனிந்தாள். "என்னைத் தெரியுதா? எங்கப்பாவைக் கொன்னது நீங்க. என் எட்டு வருஷத்தைத் திருடினது நீங்க."

அவர் வாயிலிருந்த கஞ்சியை மெதுவாக விழுங்கினார். "அடடா" என்றார், நிஜமான வருத்தத்துடன். "யாரும்மா அப்படிச் செஞ்சது?"

அவரை அறையவேண்டும் என்று கை துறுதுறுத்தது. மனசில் இரக்கம் எதுவும் ஊறவில்லை. ஆனால் அறைவதற்கு எதிரில் யாரும் இல்லை. எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் அடுத்த கரண்டிக்காக வாயைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவுதான். அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் காலை இயக்குநரிடம் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். முதல் ஒன்றரைப் பக்கம் பெரியவர் செய்தது. மீதி அவள் செய்தது. தாடியின் நிஜ எடை, கிழித்த சீட்டு, மேசையில் சொன்ன சொல், எதையும் விடவில்லை.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எதுக்கம்மா இப்ப இதைச் சொல்றே? யாருக்கும் சந்தேகமே வரலையே."

"எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கா, சார்."

"மனசு கேட்காம நீயே வந்து சொன்னதா எழுதிக்கறேன். உனக்குக் கொஞ்சம் நல்லதா இருக்கும்."

"வேண்டாம் சார். மனசெல்லாம் கேட்டுச்சு. பயந்துட்டு வந்தேன், அதை எழுதுங்க."

முதல் ஒன்றரைப் பக்கத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. அது பழைய கதை, முடிந்துபோனது என்றார்கள். மீதிக்கு வேலை போயிற்று. டாக்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சாவிக்கொத்தை ஒப்படைக்கப் போன அன்று நடைவழியில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள்.

"மன்னிப்புக் கேட்க வரல" என்றாள் கடிகாரம்.

"கேட்டாலும் கிடைக்காது" என்றாள் டாக்டர். கொஞ்சம் யோசித்து, "உங்க குட்டிகிட்ட போகமாட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள். "அது உங்களுக்காக இல்ல."

இருவரும் அவரவர் வழியே போனார்கள்.

அம்மாவிடம் சொன்னபோதுதான் நிஜமான அடி விழுந்தது. "அவன் பொண்ணு சிரிச்சுக்கிட்டு வேலைக்குப் போகணும், நீ வீட்டுல உட்காரணுமா? உங்கப்பா மறுபடியும் செத்தாருடி" என்றாள். நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். கடிகாரத்துக்கும் உள்ளே ஒன்றும் ஆறியிருக்கவில்லை. காலையில் எழுந்தால் பழைய கனம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஐந்தாம் நாள் அவள் வேலை கேட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வீட்டுக்குள் அம்மாவின் குரல் கேட்டது. தாழ்ந்த, நிதானமான குரல். குட்டியை எதிரில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"உன் தாத்தாவை ஒருத்தன் கொன்னான். அவனுக்கு ஒரு மக இருக்கா. உங்கத்தைக்குத் தைரியம் பத்தல. நீயாவது ஞாபகம் வச்சுக்கணும். அந்தப் பொண்ணு பேரு..."

"அம்மா" என்றாள் கடிகாரம், வாசற்படியிலிருந்தே.

அம்மா நிமிர்ந்தாள். "ஏன், சொன்னா என்ன? சொல்லாம விட்டா மறந்துடுவா."

"மறக்கச் சொல்லல. பாதிக் கதையைச் சொல்லாதீங்கன்னு சொல்றேன்."

"எது பாதிக் கதை? நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யா?"

"இல்லம்மா. எல்லாம் நிஜம்."

குட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது, கை முஷ்டி இறுகியிருந்தது. "அந்தக் கேன்டீன்ல வந்தவங்களா அத்தை? அவங்க அப்பாவா தாத்தாவைக் கொன்னது?" என்றாள். அந்தக் குரலைக் கடிகாரத்துக்கு நன்றாகத் தெரியும். பதின்மூன்று வருஷம் தன் தொண்டையில் வைத்திருந்த குரல் அது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை.

"முதல்ல நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன்" என்றாள் கடிகாரம். "அதுக்கப்புறம் அவர் செஞ்சதைச் சொல்றேன். ரெண்டையும் கேட்டுட்டு, யார் மேல கோபப்படணுமோ படு."

தாடி செத்த நாளிலிருந்து அவள் சொல்ல ஆரம்பித்தாள்.